ஓடும் புரோகிராமைக் காதால் கேட்க: பயனுள்ள குறிப்புகள்

ஆயிரக்கணக்கான படங்களின் அளவைக் குறைப்பது, பழைய ஹார்ட் டிஸ்க்கை நகலெடுப்பது, வருடக்கணக்கான வரவு செலவைக் கோப்பு கோப்பாகப் பிரிப்பது என்று வீட்டுக் கணினியில் மணிக்கணக்கில் ஓடும் வேலைகள் பல. அதற்காகத் திரைமுன் காவல் இருக்க முடியாது. காது மட்டும் எந்த அறையில் இருந்தாலும் திறந்தே இருக்கிறது. ஜாரின் ஓரத்தில் சட்னி ஒட்டிக்கொண்டு பிளேடு வெறுமனே சுற்றினால், கூடத்தில் இருப்பவருக்கும் மிக்ஸியின் சத்தம் ஏறுவதிலேயே விஷயம் தெரிந்துவிடும். புரோகிராமும் அப்படித்தான். எந்தப் படத்தையும் திறக்க முடியாமல் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே போகும் லூப், ஒழுங்காக வேலை செய்யும் லூப்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும். சுற்றுக்கு ஒரு தட்டு என்று சத்தம் வைத்திருந்தால், தட்டு வேகமெடுப்பது அடுத்த அறைவரை கேட்கும்.

எத்தனை என்று காது துல்லியமாகச் சொல்லாது. ஆனால் ஏதோ மாறிவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்பே சொல்லிவிடும். இந்த ஒன்றை நம்பித்தான் கீழே உள்ள குறிப்புகள் எல்லாம். பைத்தானில் ஓரளவு எழுதத் தெரிந்திருந்தால் போதும்.

1. முதல் நாள் எந்த லைப்ரரியும் வேண்டாம். வேலை முடிந்ததும் எழுத்து எண் 7-ஐ டெர்மினலில் அச்சிடச் சொல்லுங்கள். அதுதான் 'பெல்' எழுத்து. டெலிடைப் இயந்திரங்களில் நிஜ மணியை அடித்த அதே எழுத்து. புரோகிராம் எங்கோ இருக்கும் சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக ஓடினாலும் மணி உங்கள் மேசையில்தான் அடிக்கும். சில டெர்மினல்களில் மணியை அடக்கி வைத்திருப்பார்கள். அமைப்புகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இது மிகப் பழைய பழக்கம். ஆஸ்திரேலியாவின் முதல் கணினியான சிஎஸ்ஐராக்கில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. புரோகிராம் எந்த இடத்தை எட்டியிருக்கிறது, முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, அதற்குத் துடிப்பு அனுப்பும் கட்டளையை எழுதுபவர்கள் நடுவிலும் கடைசியிலும் செருகி வைப்பார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஃபெரான்டி மார்க் 1 கணினிக்கு 'ஹூட்' என்றே ஒரு கட்டளை உண்டு. ஆலன் டூரிங் எழுதிய கையேட்டிலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. 1951-ல் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி அதே கட்டளையை லூப்களில் அடுக்கி பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசிக்க வைத்தார். பிபிசி அதைப் பதிவும் செய்தது. முடிந்ததா என்று கேட்பதற்காக வைத்த சத்தத்திலிருந்தே கணினி இசை கிளம்பியது என்பது எனக்கு மிகவும் பிடித்த வரலாறு.

2. அடுத்து ஒரு நல்ல ஒலி லைப்ரரி. வீட்டுக்கு ஏற்றது சோனிக் பை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சாம் ஆரன், ராஸ்பெரி பை கணினியில் பிள்ளைகள் கற்பதற்காக உருவாக்கியது. விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் அடியில் ஒலியை உண்டாக்குவது சூப்பர்கொலைடர். ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996-ல் வெளியிட்டது. 2002-லிருந்து கட்டற்ற மென்பொருள். கை பழகிய பிறகு சூப்பர்கொலைடருக்கு நேராகவே போகலாம். தொடக்கத்திலேயே போனால் நாள் முழுக்க அதன் இலக்கணத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

3. வேலை செய்யும் புரோகிராமையே சத்தம் போடவும் வைக்காதீர்கள். வேலை ஒரு பக்கம், சத்தம் வேறு பக்கம். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு குறிப்பைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

இரண்டுக்கும் நடுவே தூது போக ஓஎஸ்சி என்றொரு செய்தி முறை இருக்கிறது. 1997-ல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. சோனிக் பை 4560-ஆம் போர்ட்டில் இந்தச் செய்திகளுக்காகக் காத்திருக்கும். பைத்தானில் 'பைத்தான்-ஓஎஸ்சி' என்ற சின்ன லைப்ரரியை நிறுவிக்கொண்டால் இரண்டு வரி போதும். முதல் வரியில் 127.0.0.1 முகவரிக்கும் 4560 போர்ட்டுக்கும் ஓர் அனுப்புநரை உருவாக்குங்கள். இரண்டாவது வரியை லூப்புக்குள் வையுங்கள்: ஒரு பெயர், அதோடு ஒரு சுர எண். சோனிக் பை பக்கத்தில் ஒரு 'லைவ் லூப்'. அதற்குள் அந்தப் பெயருக்காக 'சிங்க்' செய்து காத்திருந்து, வந்த எண்ணை 'பிளே' செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் செய்திகள் யுடிபி வழியாகப் போகின்றன. அதாவது அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. சோனிக் பை மூடிக் கிடந்தாலும், நடுவில் செயலிழந்தாலும் உங்கள் படங்கள் பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்பதற்காக வைத்த ஏற்பாடு வேலையைக் கெடுக்கவே கூடாது.

4. சோனிக் பை லூப்பின் தலையில் 'யூஸ் ரியல் டைம்' என்று போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தாளம் பிசகாமல் இருக்க அது எல்லாவற்றையும் அரை விநாடி தள்ளித்தான் வாசிக்கும். பாட்டுக்கு அது நல்லது. நமக்கு வேண்டாம்.

5. புளூடூத் இயர்போனும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். திரையையும் சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு வயர் உள்ளதே சரி.

6. கோட்டைத் திறந்து திருத்த முடியாத புரோகிராமா? அது எழுதும் லாக் கோப்பைக் கேளுங்கள். கோப்பின் வாலில் புதிய வரி சேரச் சேரப் படிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, சாதாரண வரிக்கு மெல்லிய தட்டு, 'வார்னிங்' இருந்தால் சற்றுக் கனமான ஒலி, 'எரர்' என்றால் வேறு வாத்தியம் என்று பிரித்துவிடலாம். உங்கள் சொந்த பைத்தான் புரோகிராம் என்றால் இன்னும் சுலபம்: 'லாகிங்' மாடியூலுக்கு ஒரு ஹேண்ட்லர் எழுதிச் சேர்த்தால், ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு லாக் வரியும் வாய் திறக்கும்.

7. பழகுவதற்கு நல்ல பாடம், எண்களை வரிசைப்படுத்துவது. 48 முதல் 79 வரையிலான 32 எண்களைக் குலுக்கிப் போடுங்கள். இவை சோனிக் பையின் சுர எண்களே என்பதால் எதையும் மாற்றிக் கணக்கிட வேண்டாம்; எண்ணே சுரம். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஒரு சுரத்தை அனுப்பி, 0.05 விநாடி நிறுத்துங்கள்.

முதலில் பபிள் சார்ட். ஒப்பிடும் இரண்டில் பெரியதை ஒலிக்கச் செய்யுங்கள். ஒரு சுற்றுக்குள் சுரம் ஏறும், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கும், ஒருபோதும் இறங்காது. ஏனென்றால் அதுவரை கண்ட பெரிய எண்ணைத்தான் அது கையோடு தூக்கிக்கொண்டு போகிறது. சுற்றின் முடிவில் உச்சத்தைத் தொட்டுவிட்டு மறுபடி கீழே விழுந்து ஏறத் தொடங்கும். அடுத்த சுற்றின் உச்சம் முந்தியதைவிட ஒரு படி கீழே. சுற்றின் நீளமும் ஒன்று குறைவு. புத்தகத்தில் நாலு முறை படித்தும் பிடிபடாத விஷயம் ஒரு தடவை கேட்டதும் பிடிபட்டுவிடும். மொத்தம் 496 ஒப்பீடுகள். ஏறக்குறைய 25 விநாடி ஓடும்.

பிறகு அதே 32 எண்களை மெர்ஜ் சார்ட்டுக்குக் கொடுத்து, இரண்டு பட்டியல்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் சிறியதை ஒலிக்க விடுங்கள். இரண்டிரண்டாகச் சேர்க்கும் வகையில் எழுதியிருந்தால் முதலில் ஒற்றைத் தட்டுகளின் சிதறல், பிறகு குட்டிக் குட்டி ஏற்றங்கள், பிறகு நீளமான ஏற்றங்கள், கடைசியில் அடியிலிருந்து மேல்வரை ஒரே ஏற்றம். அதிகபட்சம் 129 ஒப்பீடுகள். ஆறரை விநாடிக்குள் முடிந்துவிடும். அந்த 25-க்கும் இந்த ஆறரைக்கும் உள்ள இடைவெளியை உட்கார்ந்து அனுபவித்த மாணவர் வாழ்நாளில் பபிள் சார்ட்டைத் தேடிப் போகமாட்டார்.

மூன்றாவதாக பைத்தானின் சொந்த சார்ட். அதன் உள்ளே நாம் கை வைக்க முடியாது. எனவே, 'சிறியதா' என்று கேட்கும்போது சுரம் அனுப்பும் ஒரு கிளாஸ் எழுதி, எண்களை அதில் போட்டுத் தாருங்கள். ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பட்டியலைக் கொடுத்தால் 30 சொச்சம் தட்டுகளோடு ஒன்றரை விநாடியில் ஓய்ந்துவிடும். டிம் பீட்டர்ஸ் 2002-ல் எழுதிய முறை இது. ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பகுதிகளைக் கண்டுபிடித்து அப்படியே எடுத்துக்கொள்ளும்.

8. எதற்குச் சத்தம் வைப்பது என்பதில் சிக்கனம் வேண்டும். கோட்டின் ஒவ்வொரு வரிக்கும் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். ஒரு படம், ஒரு கோப்பு, ஒரு வாடிக்கையாளர் என்று வேலையின் இயல்பான அலகு எதுவோ அதற்கு ஒரு தட்டு. எந்த ஃபங்ஷன் எப்போது அழைக்கப்படுகிறது என்று கேட்டே ஆகவேண்டுமென்றால் பைத்தானின் 'செட்புரொஃபைல்' உதவும்; ஃபங்ஷனுக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் அது உங்களைக் கூப்பிடும். 3.12 பதிப்பிலிருந்து 'மானிட்டரிங்' என்ற புதிய வசதி உண்டு. வேண்டாத இடங்களை அணைத்துவிடலாம் என்பதால் வேகம் அவ்வளவாகக் குறையாது.

9. விநாடிக்கு 20 தட்டுகளைத் தாண்டினால் அவை தனித்தனியாகக் கேட்காமல் ஒன்றோடொன்று கலந்து உறுமலாகிவிடும். லட்சம் முறை அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கு லட்சம் செய்தி அனுப்புவது வீண். 50 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அதுவரை எத்தனை அழைப்பு என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை ஒரே செய்தியாக அனுப்புங்கள்.

10. எண்ணிக்கை, நேரம் போன்றவற்றைச் சுரமாக்கும்போது கூட்டல் கணக்கு உதவாது. மடங்கு கணக்குதான் சரி. காது சுரத்தை மடங்கில்தான் உணர்கிறது. 220 ஹெர்ட்ஸிலிருந்து 440-க்குப் போனாலும், 440-லிருந்து 880-க்குப் போனாலும் ஒரே அளவு ஏறியதாகவே அதற்குத் தோன்றும். டேட்டாபேஸ் பதில் தர எடுக்கும் நேரத்தைக் கேட்க ஒரு நல்ல சூத்திரம்: 84-லிருந்து, மில்லிவிநாடிக் கணக்கின் பத்தடி மடக்கையை 12-ஆல் பெருக்கிக் கழியுங்கள். 1 மில்லிவிநாடி என்றால் 84. 10 என்றால் 72. 100 என்றால் 60. முழு விநாடி இழுத்தால் 48. பத்து மடங்கு தாமதத்துக்கு ஒரு ஸ்தாயி இறக்கம். தாமதம் கனத்த ஒலியாக வருவது மனதுக்கும் பொருந்துகிறது.

11. பல எண்கள் ஒரே சமயத்தில் ஒலிக்கும் இடத்தில் பன்னிரண்டு சுரங்களையும் விட்டால் நரநரவென்று இருக்கும். மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சோனிக் பையில் 'மேஜர் பென்டடானிக்' என்று கேட்டால் அதே ச-ரி-க-ப-த வரும். எந்த இரண்டு சேர்ந்து ஒலித்தாலும் காதைக் குத்தாது. 7-ஆம் குறிப்பில் உள்ள பாடத்துக்கு மட்டும் இதைப் பின்பற்ற வேண்டாம். அங்கே 32 எண்ணும் வெவ்வேறாகக் கேட்க வேண்டும்.

12. மெமரி மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் நோய்க்குத் தனி வைத்தியம். பலரும் ஒரு தொடர் ஒலியை வைத்து அதன் சுருதியை மெமரிக்கு ஏற்ப ஏற்றுவார்கள். அது பயன்படாது. மணிக்கணக்கில் மெதுவாக ஏறும் சுருதியைக் காது கவனிக்கவே கவனிக்காது; கூடவே பழகிவிடும்.

அதற்குப் பதிலாக நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சுரங்களை அடுத்தடுத்து வாசியுங்கள். முதலாவது எப்போதும் 220 ஹெர்ட்ஸ். அதுதான் ஆதார ஷட்ஜம். இரண்டாவது, 220-ஐ இப்போதைய மெமரியால் பெருக்கித் தொடக்க மெமரியால் வகுத்தது. மெமரி கூடவில்லை என்றால் இரண்டும் ஒரே சுரம். கால் பங்கு கூடினால் 275 ஹெர்ட்ஸ், அதாவது அந்தர காந்தாரம். ஒன்றரை மடங்கானால் 330, சுத்தமான பஞ்சமம். இரண்டு மடங்கானால் மேல் ஷட்ஜம். கொஞ்சம் பாட்டுக் கேட்ட காது இதை எண் பார்க்காமலே சொல்லிவிடும். 6 சதவீதம் கூடினாலே அரைச் சுரம் நகர்ந்துவிடும் என்பதால் நோய் முற்றுவதற்கு முன்பே தெரியும். மெமரி அளவை 'பிஎஸ்யுடில்' லைப்ரரி தரும். ஹெர்ட்ஸைச் சுர எண்ணாக்கும் ஃபங்ஷன் சோனிக் பையிலேயே இருக்கிறது.

13. சத்தமே இல்லை என்றால் என்ன பொருள்? எல்லாம் நலமா, புரோகிராம் உறைந்துவிட்டதா? இந்தக் குழப்பம் வராமல் இருக்க, 5 விநாடிக்கு ஒருமுறை மிக மெல்லிய தட்டு ஒன்று வேண்டும். அதைத் தனி த்ரெட்டில் வைக்காதீர்கள். முதன்மை லூப் செத்துக் கிடந்தாலும் தனி த்ரெட் மட்டும் நிம்மதியாகத் தட்டிக்கொண்டே இருக்கும். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தைப் பார்த்து, 5 விநாடி ஆகியிருந்தால் அந்த லூப்பே தட்டட்டும்.

14. எரருக்கு அலற வைக்க வேண்டாம். வாத்தியத்தை மாற்றினாலே போதும். மற்றதெல்லாம் 'பீப்' என்றால் எரர் மட்டும் 'பிளக்'. தந்தியைச் சுண்டியது போலக் கேட்கும். திடுக்கிட வைக்கும் ஒலியை இரண்டாம் நாளே அணைத்துவிடுவோம், அதன் பிறகு உண்மையான எரரும் காதில் விழாது.

15. இரண்டு த்ரெட் ஓடினால் ஒன்றை இடக் காதிலும் மற்றதை வலக் காதிலும் வையுங்கள். சோனிக் பையில் 'பேன்' மதிப்பு -1 என்றால் இடது, 1 என்றால் வலது. ஒன்று பேசி ஓய்ந்ததும் மற்றது தொடங்குகிறது என்றால் இரண்டும் ஒரே பூட்டுக்காக வரிசையில் நிற்கின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் வாயடைத்துப் போனால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றனவா என்று பாருங்கள். நாலு குரலுக்கு மேல் வேண்டாம்.

16. லைப்ரரி இல்லாமல் நீங்களே அலையைக் கணக்கிட்டு ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் இரண்டு விஷயம். அலையைத் திடீரென்று தொடங்கினாலும் வெட்டினாலும் 'டிக்' என்று தெறிக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் 5 மில்லிவிநாடி மெல்ல ஏற்றி இறக்குங்கள். பல அலைகளைக் கூட்டும்போது மொத்தம் -1-க்கும் 1-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மீறினால் நுனி வெட்டப்பட்டுக் கரகரக்கும். தவறான கணக்கு முழு வால்யூமில் காதில் அறையக்கூடும் என்பதால், புது கோட்டை ஓட்டும் முதல் தடவை இயர்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

17. எதையும் நிறுவ முடியாத அலுவலகக் கணினியா? பிரவுசரிலேயே வெப் ஆடியோ இருக்கிறது. பக்கத்தில் ஒருமுறை கிளிக் செய்தால்தான் சத்தம் வரும். அது கோளாறு இல்லை, பிரவுசரின் விதி.

18. நாள் முழுக்க ஓடும் வேலைக்கு 'பீப்' சத்தம் சலிப்பூட்டும், வீட்டில் மற்றவர்களுக்கும் தொந்தரவு. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கில்ஃபிக்ஸும் ஆல்வா கவுச்சும் 2000-ல் உருவாக்கிய 'பீப்' (Peep) என்ற மென்பொருள், கணினி வலையமைப்பின் நடமாட்டத்தைப் பறவை, நீரோட்டம் போன்ற இயற்கை ஒலிகளாக்கித் தந்தது. வேலை சீராக ஓடும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை, மாறினால் கவனிப்பார்கள். நீங்களும் மழைச் சத்தம் ஒன்றை எடுத்து, ஓட்டத்தின் வேகத்துக்கேற்ப அதன் வலுவைக் கூட்டிக் குறைக்கலாம். வீட்டில் யாராவது தூங்கினால் ஒற்றைக் காதில் இயர்போன் போதும்.

19. காது சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்பு சொல்லாது. ஓட்டம் மாறியது என்று கேட்டவுடன் மணியைக் குறித்துக்கொண்டு லாக்கில் அந்த நேரத்தைத் தேடுங்கள். வேகத்தை அளக்கும்போது சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். 'செட்புரொஃபைல்' போட்ட நிலையில் எடுத்த நேரக் கணக்கு எதற்கும் ஆகாது.

20. நன்றாக ஓடிய ஒரு நாளின் சத்தத்தை சோனிக் பையின் 'ரெக்' பொத்தானை அழுத்திப் பதிவு செய்து, கோப்பின் பெயரில் தேதியையும் புரோகிராமின் பதிப்பு எண்ணையும் சேர்த்து வையுங்கள். கோட்டை மாற்றிய பிறகு பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டால் எங்கே தாளம் மாறியிருக்கிறது என்று தெரியும். விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும். அதனால் முழு ஓட்டத்தையும் சேமிக்க வேண்டாம். தொடக்கத்தில் 2 நிமிடம், நடுவில் 2 நிமிடம் போதும்.